பல்சீரமைப்பு மருத்துவத்தின் வரலாறு

பல்சீரமைப்பு மருத்துவம் என்பது வரிசை தவறி முளைத்த பற்களையும், ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத மேல், கீழ்த் தாடைகளையும் சீராக்கும் பல் மருத்துவப் பிரிவு ஆகும். பேச்சு வழக்கில் இதைப் 'பல்லுக்குக் கம்பி போடுதல்' அல்லது 'கிளிப் போடுதல்' என்பர். தெத்துப்பல், தூக்குப்பல், பல் நெரிசல், பற்களுக்கிடையே அகன்ற இடைவெளி, கீழ்த்தாடை முன்துருத்தல் ஆகியவை இதில் சரிசெய்யப்படும் முதன்மையான குறைகள்.

நெரிசலான வாயில் பல்லுக்கு எப்படி இடம் உண்டாக்குவது என்பதே இத்துறையின் மையக் கேள்வி. பல் வரிசையை விரிக்க வேண்டும் என்று ஒரு சாராரும், சில பற்களை எடுத்துவிட வேண்டும் என்று மறு சாராரும் வாதிட்டனர். நூறாண்டுக்கும் மேலாக நீடித்த இவ்விவாதமே இன்றைய சிகிச்சை முறைகளுக்கு வடிவம் தந்தது.

தொடக்க காலம்

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், தமது மருத்துவ நூலில் சிறுவர்களுக்கான ஓர் எளிய வழியைக் குறிப்பிட்டார். பால் பல் விழுவதற்கு முன்பே நிலைப்பல் முளைத்துவிட்டால், பால் பல்லை எடுத்துவிட்டு, புதிய பல் உரிய இடத்தை அடையும் வரை அதை நாள்தோறும் விரலால் தள்ளிவர வேண்டும் என்றார். மென்மையான விசையைத் தொடர்ந்து கொடுத்தால் பல் நகரும் என்ற கருத்து அதிலேயே இருக்கிறது.

1728-இல் பிரான்சின் பியர் ஃபோஷார் வெளியிட்ட நூல் பல் மருத்துவத்தைத் தனித் துறையாக நிலைநிறுத்தியது. குதிரை லாட வடிவில் வளைத்த உலோகப் பட்டையைப் பல் வரிசையை ஒட்டி வைத்து, பற்களை நூலால் அதனுடன் கட்டி இழுக்கும் முறையை அவர் விவரித்தார். இன்றைய கம்பிகளுக்கு இதுவே முன்னோடி.

1860-இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த எமர்சன் ஏஞ்செல், 14 வயதுச் சிறுமியின் மேல்வாயில் திருகு பொருத்திய கருவியை வைத்து, அண்ண எலும்பின் நடு இணைப்பையே இரு வாரங்களில் விரித்ததாக எழுதினார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. எலும்பு விரிந்ததற்குச் சான்று காட்ட முடியாததால் பலர் அதை நம்பவில்லை. 1961-இல் ஆண்ட்ரூ ஹாஸ் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே அம்முறை பரவலான ஏற்பைப் பெற்றது.

எட்வர்ட் ஆங்கிள்

அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் (1855–1930) நவீன பல்சீரமைப்பின் தந்தை எனப்படுகிறார். 1899-இல் அவர் பல் பொருத்தக் குறைகளை மூன்று வகைகளாகப் பிரித்தார். முதல் பெரிய கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதே அப்பிரிவுக்கு அடிப்படை.

• முதல் வகை: கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தும், மற்ற பற்களின் வரிசை மட்டும் கலைந்திருக்கும்.
• இரண்டாம் வகை: கீழ்க் கடைவாய்ப் பல் இயல்பைவிடப் பின்தள்ளி இருக்கும்.
• மூன்றாம் வகை: கீழ்க் கடைவாய்ப் பல் இயல்பைவிட முன்தள்ளி இருக்கும்.

இவ்வகைப்பாடு இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. 1900-இல் ஆங்கிள் செயின்ட் லூயிஸ் நகரில் பல்சீரமைப்புக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1920-களில் அவர் உருவாக்கிய 'எட்ஜ்வைஸ்' முறையில், ஒவ்வொரு பல்லிலும் பொருத்திய சிறு பிடிப்பானின் செவ்வகப் பள்ளத்தினுள் செவ்வகக் கம்பி செல்லும். இதனால் பல்லை நகர்த்துவதுடன், அதன் வேரின் சாய்வையும் கட்டுப்படுத்த முடிந்தது. இன்றைய பிடிப்பான்கள் பெரும்பாலும் இதன் வழிவந்தவையே.

பல்லை எடுக்கலாமா?

ஒவ்வொருவருக்கும் எல்லாப் பற்களும் வரிசையில் அமைய இயலும் என்பது ஆங்கிளின் உறுதியான நம்பிக்கை. தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் வோல்ஃப் கூறியிருந்தார். பற்களைச் சரியாகப் பொருத்திவிட்டால் அவற்றைச் சுற்றி எலும்பும் வளரும் என்று ஆங்கிள் அதிலிருந்து முடிவு செய்தார். எனவே சீரமைப்புக்காகப் பல்லை எடுப்பதை அவர் எதிர்த்தார்.

அவர் காலத்தவரான கால்வின் கேஸ் இதை ஏற்கவில்லை. பற்களை வெளிநோக்கி விரித்தால் சிலருக்கு முகத்தோற்றம் கெடும். விரித்த பற்கள் நிலைத்தும் நிற்கமாட்டா என்பது அவர் வாதம். 1911-இல் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் ஆங்கிளின் தரப்பே செல்வாக்குப் பெற்றது. அடுத்த முப்பது ஆண்டுகள் பல் எடுக்கும் முறை அமெரிக்காவில் ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்நிலையை மாற்றியவர் ஆங்கிளின் மாணவரே. அரிசோனாவில் பணியாற்றிய சார்லஸ் ட்வீட், ஆசிரியர் கற்பித்தவாறே பல் எடுக்காமல் சிகிச்சை அளித்தார். சில ஆண்டுகளில் அவர்களில் பலரின் பற்கள் பழைய நெரிசலுக்குத் திரும்பின. சிலருக்கு வாய் முன்துருத்தியது. அவர்களுக்கே நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து மீண்டும் சிகிச்சை செய்தார். 1940-இல், இவ்வாறு இருமுறை சிகிச்சை பெற்றவர்களின் பல் அச்சுகளையும் படங்களையும் சக மருத்துவர்கள் முன் வைத்தார்.

ஆங்கிளின் மற்றொரு மாணவர் ரேமண்ட் பெக், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தனியே இதே முடிவுக்கு வந்தார். பழங்குடி மக்களின் பற்கள் கரடுமுரடான உணவால் தேய்ந்து அகலம் குறைவதால் வரிசைக்குள் இடம் கிடைக்கிறது. மென்மையான உணவு உண்போருக்கு அந்தத் தேய்மானம் இல்லை என்று அவர் விளக்கினார். அவ்விளக்கம் பின்னர் கேள்விக்குள்ளானாலும், மெல்லிய கம்பியும் மென்விசையும் கொண்ட அவரது சிகிச்சை முறை பல நாடுகளுக்குப் பரவியது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பல் எடுக்கப்பட்டது. பல் எடுத்தாலும் நெரிசல் திரும்பக்கூடும் என்று தெரிந்தபின் அந்த அளவு குறைந்தது. இன்று நெரிசலின் அளவு, முகத்தின் பக்கத்தோற்றம், ஈறு மற்றும் எலும்பின் நிலை ஆகியவற்றைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு செய்யப்படுகிறது.

பல் எவ்வாறு நகர்கிறது?

பல் எலும்புடன் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய இணைப்பு நார்த்திசு உள்ளது. பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, அழுந்தும் பக்கத்தில் உள்ள செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. இழுபடும் பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. 1904-இல் ஸ்வீடனைச் சேர்ந்த சான்ட்ஸ்டெட் விலங்குத் திசுக்களில் இதைக் காட்டினார்.

விசை மிகுந்தால் அத்திசுவில் இரத்த ஓட்டம் தடைபட்டு, பல்லின் நகர்வு தாமதமாகும். வேர்நுனி கரையும் ஆபத்தும் கூடும். இடைவெளியை மூடும்போது பல் மாதத்திற்கு ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே நகர்கிறது. சிகிச்சை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீள்வதற்குக் காரணம் இதுவே. கம்பியை இறுக்கி முறுக்கினால் விரைவில் முடியும் என்பது தவறான எண்ணம்.

பொருள்களில் மாற்றம்

தொடக்கத்தில் பொன் கலந்த உலோகக் கம்பிகள் பயன்பட்டன. 1930-களிலிருந்து துருப்பிடிக்காத எஃகு வந்ததால் செலவு குறைந்தது. 1955-இல் மைக்கேல் புவோனகோர், பல்லின் எனாமலை அமிலத்தால் சற்றே அரித்தால் பிசின் உறுதியாகப் பற்றும் என்று கண்டறிந்தார். அதன் பயனாக, ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் போடும் நிலை மாறி, பிடிப்பானைப் பல்லின் முகப்பில் ஒட்டும் முறை வந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் உருவான நிக்கல்–டைட்டானியம் உலோகக் கலவையை 1970-களின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் பல் கம்பியாகப் பயன்படுத்தினார். வளைத்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பும் இக்கம்பி, நீண்ட நாள் மென்விசை தருகிறது.

1997-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட அலைன் நிறுவனம், கணினியில் வடிவமைத்த ஒளிபுகும் உறைகளைக் கொண்டுவந்தது. கழற்றி மாட்டக்கூடிய இந்த 'அலைனர்' உறைகளைச் சாப்பிடும் நேரம், பல் துலக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் அணிய வேண்டும். கம்பி தெரிவதற்குக் கூச்சப்பட்ட பெரியவர்கள் பலர் இதனால் சிகிச்சைக்கு முன்வந்தனர்.

சிறுவர்களும் பெரியவர்களும்

சிறுவர்களுக்குத் தாடை வளர்ச்சி துணை நிற்கிறது. அண்ணத்தை விரிப்பதும் தாடை வளர்ச்சியை வழிப்படுத்துவதும் இப்பருவத்தில் எளிது. 7 வயதுக்குள் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது என அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. பரிசோதனை என்றால் உடனே கம்பி போடுவது என்று பொருளல்ல. குறுக்குக் கடி, விரல் சூப்பும் பழக்கத்தால் வரும் குறை போன்ற சிலவற்றுக்கே அவ்வயதில் சிகிச்சை தேவைப்படும். மற்ற பெரும்பாலோருக்கு நிலைப்பற்கள் முளைத்த பிறகு, 11 முதல் 14 வயதுக்குள் தொடங்கினால் போதும்.

எலும்பு கரைந்து மீண்டும் உருவாகும் இயல்பு வாழ்நாள் முழுவதும் இருப்பதால், பெரியவர்களின் பற்களையும் நகர்த்த முடியும். ஆனால் தாடை வளர்ச்சியை எதிர்பார்க்க இயலாது. தாடைக் குறை பெரிதாக இருந்தால் கம்பியுடன் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். ஈறு நோய் இருந்தால் அதை முதலில் கட்டுப்படுத்துவது கட்டாயம்; இல்லையெனில் பல்லைத் தாங்கும் எலும்பு மேலும் குறையும்.

நகர்ந்த பல்லை நிலைநிறுத்துதல்

கம்பியைக் கழற்றியதும் சிகிச்சை முடிவதில்லை. நீட்சியடைந்த ஈறு நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கும். இதைத் தடுக்க அணிவதே 'ரிடெய்னர்' எனும் தாங்கு கருவி. 1919-இல் சார்லஸ் ஹாலி வடிவமைத்த கம்பியும் தகடும் கொண்ட கருவி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் நடந்த ஆய்வுகளில், முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்றவர்களிலும் பெரும்பாலானோருக்குக் கீழ் முன்பற்களில் நெரிசல் மீண்டும் வந்தது தெரிந்தது. எனவே மருத்துவர் சொல்லும் காலம் வரை, பெரும்பாலும் இரவு நேரங்களில் பல ஆண்டுகள், ரிடெய்னர் அணிவது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.