நிழலுக்கு ஏது பட்டா?

குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண் முதலில் தேடுவது நிழலைத்தான். ஓசூர்-கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை அகலமாக வெயிலில் கிடக்கிறது, கன்டெய்னர் லாரிகள் நிற்காமல் ஓடுகின்றன. "அப்பல்லாம் ரோட்டோரம் புளியமரந்தான்" என்கிறார்கள் பெரியவர்கள்.

ரோட்டோரப் புளிக்கு அரசுதான் சொந்தக்காரர். வருஷா வருஷம் காயை ஏலம் விடுவார்கள், எடுத்தவர் உலுக்கிக்கொண்டு போவார். நட்டது யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் (1966) அந்த மரத்தைச் சுற்றி நடக்கும் சண்டையிலும் இந்தக் காய் ஏலம் வருகிறது.

புறம்போக்கில் நீங்களே மரம் வைத்து வளர்த்தால்? அதற்கு '2சி பட்டா' என்று ஒன்று உண்டு. காயையும் பழத்தையும் அனுபவிக்கலாம். ஆனால் மரம் நிற்கிற மண்ணில் ஒரு சாண்கூட உங்களுடையது ஆகாது.

அமெரிக்கப் புல்வெளியில் கதை நேர்மாறு. மரமே இல்லாத நெப்ராஸ்காவில் 1872 ஏப்ரல் 10 அன்று முதல் மரம் நடு நாள் கொண்டாடினார்கள். மறு வருஷமே ஒரு சட்டம் வந்தது: 40 ஏக்கரில் மரம் வளர்த்தால் 160 ஏக்கர் நிலம் உனக்கு. 1878-இல் 40-ஐ 10 ஆகக் குறைத்தார்கள். நிலத்துக்காக நட்டதுபோலக் கணக்குக் காட்டியவர்கள் பெருகினார்கள், 1891-இல் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்பதைப் பழங்குடிகளிடம்தான் கேட்க வேண்டும்.

நம் பக்கம் பட்டா கேட்காமல் நடுகிற பழக்கம் ஒன்று உண்டு. அரசையும் வேம்பையும் சேர்த்து வைத்து, வளர்ந்ததும் தாலி கட்டி, சாப்பாடு போட்டுக் கல்யாணமே நடத்துவார்கள். அடியில் மேடை கட்டி நாகர் சிலை வைப்பார்கள். இந்த எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிற மூன்று வீட்டிலும் இந்த வழக்கம் இருக்கிறது. ரோட்டுப் புளியை வெட்ட ஒரு டெண்டர் போதும். தாலி கட்டிய அரசமரத்தில் கோடரி வைக்க ஆள் கிடைப்பது சிரமம். பக்தியா பயமா என்று கேட்காதீர்கள், எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஓசூரையும் பெங்களூரையும் தாண்டி மாகடி பக்கம் போனால் ஹுலிகல். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளியான திம்மக்காவும் அவர் கணவர் சிக்கய்யாவும் பிள்ளையில்லாத வருத்தத்தில் குதூர் சாலையோரம் ஆலங்கன்றுகள் வைத்தார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தது 385 மரங்கள். ஊர் அவருக்குக் கொடுத்த பெயர் 'சாலுமரத' திம்மக்கா. சாலுமர என்றால் வரிசை மரம். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே வருஷம் சாலையை அகலப்படுத்த அந்த மரங்களை வெட்டப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, நூறு வயதைத் தாண்டியிருந்த அவர் கர்நாடக முதலமைச்சரிடம் முறையிட்டார். வேறு வழி பார்க்கிறோம் என்றது அரசு.