இடப்பக்கத்துச் சுக்கான்

அம்மையார்குப்பம் அடங்கிய திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, பாதையின் இடப்பக்கமாகப் போகும் வழக்கம் மட்டும் நகரவில்லை. இரு புறத்தாருக்கும் அது ஒன்றுதானே!

அந்த வழக்கத்துக்குப் பொருந்தாத வண்டியொன்றும் நம் நாட்டில் ஓடிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் கொண்டுவந்த ஜீப்தான் அது. வலப்பக்கம் போகிறவர்கள் அவர்கள். ஆகவே சுக்கான் இடப்பக்கம். பிறகு மஹீந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டி விற்ற ஜீப்புகளிலும் பல அப்படியே இருந்தன. 'லெப்ட் ஹாண்ட் டிரைவ்' என்று முதுகில் எழுதிக்கொண்டு அவை போகும்.

சிறு வயதில் அப்படியொரு பழைய ஜீப்பில் திருத்தணிக்குப் போயிருக்கிறேன். முன்னே ஒரு மாட்டுவண்டி. அதைத் தாண்டவேண்டுமானால் எதிரே வருவது தெரிய வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்திருந்த டிரைவருக்கோ மாட்டுவண்டியின் வைக்கோல்தான் தெரிந்தது. வலப்புறம் இருந்தவர் தலையை நீட்டிப் பார்த்து, "போகலாம்" என்றார். எங்கள் எல்லோருடைய உயிரும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

வலப்பக்கம் திரும்பக் கை காட்டினாலும் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அதனால்தான் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 120-வது பிரிவில், இத்தகைய வண்டிக்கு இயந்திர அல்லது மின்சார சமிக்ஞைக் கருவி வேண்டும் என்கிறது. வெளிநாட்டிலிருந்து விற்பனைக்குத் தருவிக்கும் காருக்கோ, சுக்கான் வலப்பக்கம் இருக்கவேண்டும் என்பது இறக்குமதி விதி.

ஸ்வீடனில் கார்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்துச் சுக்கான். பாதையிலும் இடப்பக்கமே போனார்கள். 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி அவர்கள் பாதையையே வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நாம் காரை மாற்றச் சொன்னோம். வழி வேறானாலும் நோக்கம் ஒன்றே: ஓட்டுகிறவன் தன் கண்ணை நம்பி ஓட்டவேண்டும். அயல்நாட்டுக் காரின் பெருமையெல்லாம் அதற்குப் பிறகுதான்.