ராம் நிறைய இருக்கு, மெமரி மட்டும் இல்லையாம்!



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் டிடிபி கடையும் கம்ப்யூட்டர் சென்டரும் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், 16 ஜிபி ராம் போட்டிருக்கேன். அதுல நிறைய சும்மாதான் கிடக்கு. ஆனா மெமரி குறைவுன்னு எச்சரிக்கை வருது. செஞ்ச வேலையும் போயிருது." கடையில் கேட்டால் இன்னொரு ராம் வாங்கச் சொல்கிறார்களாம். மழையை நம்பிப் பிழைக்கிற ஊரில் சில ஆயிரம் ரூபாய் வீணாவது சின்ன விஷயமில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. வரலாற்று வாத்தியார் என்பதால் ஆண்டுகளோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொல்லை புதிதில்லை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. அதிலிருந்த இன்டெல் 8088 சிப்பால் மொத்தமே 1 எம்பி மெமரியைத்தான் கையாள முடியும். அதிலும் 640 கேபிதான் ப்ரோக்ராம்களுக்கு. மீதி 384 கேபி திரை போன்ற வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. பிறகு 4 எம்பி, 8 எம்பி போட்ட கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆனாலும் டாஸில் சாதாரண ப்ரோக்ராம்கள் அந்த 640-க்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றன. நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். கரை முட்டத் தண்ணீர் நின்றாலும், மடை விடுகிற அளவுதான் வயலுக்கு வரும். 1991-இல் வந்த டாஸ் 5, தன் உடம்பில் ஒரு பகுதியை மேலே நகர்த்திக்கொண்டு கொஞ்சம் இடம் கொடுத்தது.

1992-இல் விண்டோஸ் 3.1 வந்தது. அதில் திறந்திருக்கும் ஜன்னல்கள், படம் வரையும் கருவிகள் பற்றிய குறிப்புகளை வைக்க 64 கேபி அளவுள்ள சின்னப் பெட்டிகள் இருந்தன. பெட்டி நிறைந்தால், ராம் எவ்வளவு காலியாக இருந்தாலும் "மெமரி இல்லை" என்றுதான் செய்தி வரும். ஆக, செய்தியில் வரும் வார்த்தை ஒன்றுதான், பற்றாக்குறை ஒவ்வொரு காலத்திலும் வேறு இடத்தில்.

இன்றைக்கு எங்கே? அதற்கு 1962-க்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கம்ப்யூட்டர் அந்த ஆண்டு வேலைக்கு வந்தது. வேகமான மெமரி சிறிது, மெதுவான காந்த உருளை பெரிது. இரண்டையும் சேர்த்து ஒரே மெமரிபோலக் காட்டினார்கள். இன்றைய விண்டோஸும் அப்படித்தான். ராமோடு, டிஸ்கில் 'பேஜ் ஃபைல்' என்ற ஒன்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறது.

ஒரு மிளகாய் மண்டிக்காரர் கல்லாவில் 8 லட்சம் வைத்திருக்கிறார். விவசாயிகளுக்கு மொத்தம் 8 லட்சம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். யாரும் இன்னும் வாங்க வரவில்லை, கல்லா நிறைந்தே இருக்கிறது. ஆனாலும் நாணயஸ்தர் அடுத்த ஆளுக்கு வாக்குக் கொடுக்க மாட்டார். பேங்கிலும் பணம் இருந்தால் தைரியமாகக் கொடுப்பார், அதை எடுக்கவே வேண்டியிராவிட்டாலும்கூட. விண்டோஸ் அந்த மண்டிக்காரர். ப்ரோக்ராம்கள் கேட்கிற மெமரிக்கு அது வாக்குக் கொடுக்கிறது. கல்லா ராம், பேங்க் பேஜ் ஃபைல். "இவ்வளவு ராம் இருக்கே, பேஜ் ஃபைல் எதுக்கு?" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்தியவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த வம்பு.

புது ராம் வாங்கும் முன் இதைப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி, அதில் 'கமிட்டெட்'. அங்கே இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது கொடுத்த வாக்கு, இரண்டாவது அதன் எல்லை.

எல்லை உங்கள் ராம் அளவிலேயே நின்றால், பேஜ் ஃபைலை 'சிஸ்டம் மேனேஜ்டு' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சி டிரைவில் போதிய காலியிடமும் வேண்டும். டிஸ்க் நிறைந்துவிட்டால் பேஜ் ஃபைல் வளர வழியில்லை.

எல்லை தாராளமாக இருந்தும் முதல் எண் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால், ஏதோ ஒரு ப்ரோக்ராம் வாங்கியதைத் திருப்பித் தரவில்லை. 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'கமிட் சைஸ்' என்ற பத்தியைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஆள் அகப்படுவான். அவனை அப்டேட் செய்யுங்கள், இல்லையென்றால் நீக்குங்கள். அவனுக்கு எத்தனை ராம் போட்டாலும் காணாது.

இரண்டும் சரியாக இருந்து, வேலையே பெரிதென்றால் ராம் வாங்கலாம். தப்பில்லை.

நம்ம ஊரில் கடை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லோரும் நல்லா இருங்கள்.