கட்டுமர மரங்கள்

சோழமண்டலக் கரை மீனவர்கள் கட்டுமரம் செய்யத் தேர்ந்தெடுப்பவை மென்மரங்கள். மலைவேம்பு, இலவு, அல்பீசியா ஆகியவை இவற்றுள் அடங்கும். பெருமளவு மரம் கேரளத்திலிருந்து வந்தது. வைரம் பாய்ந்த தேக்கு இதற்கு உதவாது; இங்கே உறுதியைவிட மிதப்பே பெரிது. உள்ளே காற்றடைத்த கூடு ஏதுமில்லாத இக்கலத்தை மரத்தின் லேசான எடைதான் தாங்குகிறது. அணியம், அதாவது கலத்தின் முன்முனை, மேல்நோக்கி வளைய வேண்டுமென்பதால் இயல்பாகவே வளைந்த மரத்துக்கு மதிப்பு அதிகம். ஆணி கிடையாது, கயிற்றால் மட்டுமே பிணைப்பார்கள். அலை மோதும்போது மரங்கள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். மென்மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அதனால் கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயவைப்பார்கள். எந்த மரம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது தூக்கும் தோளுக்குத் தெரியும். இதை அனுபவ அறிவியல் என்றே சொல்ல வேண்டும். துடுப்புக்கு மட்டும் பிளந்த மூங்கில். இக்கரையின் இன்னொரு கலமான மசூலாப் படகோ மாம்பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்வது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இக்கலங்களை விரிவாகப் பதிவு செய்தார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அதனால் கட்டுமரத்துக்கு மரம் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள்.