இதய அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல்கள்: நோயாளிசார் இடர்க்காரணிகள்

பைபாஸ், வால்வு மாற்றம் போன்ற இதய அறுவைகளுக்குப் பின் நுரையீரலின் ஒரு பகுதி காற்றின்றிச் சுருங்கலாம், நெஞ்சறையில் நீர் கோக்கலாம், நிமோனியா தாக்கலாம், 24 மணி நேரத்துக்குப் பிறகும் வென்டிலேட்டரை விலக்க முடியாமல் போகலாம். இவற்றுக்கு வழிகோலும், நோயாளி அறுவைக்கு முன்பே தம் உடலில் கொண்டிருக்கும் நிலைகள் நோயாளிசார் இடர்க்காரணிகள் எனப்படும்.

வரலாறு

மூச்சின் வலுவை அளக்கும் வழி இதய அறுவைக்கு மிக முந்தியது. ஆங்கில மருத்துவர் ஜான் ஹட்சின்சன், நீர்த்தொட்டியில் கவிழ்த்த கலத்துக்குள் மூச்சை ஊதச் செய்யும் ஸ்பைரோமீட்டரைக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து 1846-இல் முடிவுகளை வெளியிட்டார். இழுத்த மூச்சை முழுதும் வெளிவிடும் அளவை ‘உயிர்க்கொள்ளளவு’ என்றார். அது உயரத்தோடு கூடுவதையும் காட்டினார். 1908-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் பாஸ்டர், நுரையீரல் பெருஞ்சுருக்கம் பற்றி உரையாற்றினார். உதரவிதானம் செயலிழந்து, மூச்சை உள்ளிழுக்கும் ஆற்றல் குன்றுவதே அதன் வேர் என்பது அவர் கருத்து.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் ஓர் இளம்பெண்ணின் இதயத் துளையை வெற்றிகரமாக மூடினார். பின்வந்த ஆண்டுகளில் இயந்திரம் பயன்படுத்தியவர்களிடம் கண்ட கடும் மூச்சுக் கோளாறு ‘பம்ப் நுரையீரல்’ எனப் பெயர் பெற, பழி இயந்திரத்தின் மேல் விழுந்தது. ஆனால் இயந்திரமின்றி, துடிக்கும் இதயத்திலேயே செய்யும் பைபாஸுக்குப் பின்னும் நுரையீரல் சுருங்குகிறது. நோயாளியின் உடல்நிலைக்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

வகைகள்

மாற்ற இயலாதவை: முதுமை, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் ஏற்பட்ட சிதைவு, வலுவிழந்த இதயத் தசை. ஊதத் தொடங்கிய முதல் நொடியில் வெளியேறும் காற்று, இருக்கவேண்டிய அளவில் 50 விழுக்காட்டுக்கும் கீழிருந்தால், அமெரிக்க மார்பு அறுவையாளர் சங்கம் அதைக் கடும் நுரையீரல் நோயாகக் கொள்கிறது.

மாற்றக்கூடியவை: புகைப்பழக்கம், தேங்கிய சளி, தளர்ந்த மூச்சுத்தசை, உடற்பருமன். பருத்த வயிறு, படுத்த நிலையில் உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் அடிப்பகுதியை நெருக்குகிறது. பிளந்து தைத்த மார்பெலும்பின் வலிக்கு அஞ்சி இருமாதவரிடம் சளி தங்கிக் கிருமி வளர்கிறது. புகையை எட்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது சிறப்பு. நாள் குறைவாயினும் நிறுத்துவதே நன்று.

தடுப்பு

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், இடர் மிகுந்த பைபாஸ் நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்பே மூச்சுத்தசைப் பயிற்சி அளித்து ஆராய்ந்தனர். 2006-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் நுரையீரல் சிக்கல் வந்தது. பாஸ்டர் சுட்டிய உள்ளிழுக்கும் ஆற்றலைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பதற்கு இது சான்று. அறுவைக்குக் காத்திருக்கும் நாட்களும் சிகிச்சைக்கு உரியவையே.

இன்றைய நிலை

2012-இல் வெளியான யூரோஸ்கோர் 2 என்னும் இடர்மதிப்பீடு, நாள்பட்ட நுரையீரல் நோய், நுரையீரல் தமனி மிகையழுத்தம், நடமாட்டக் குறைவு ஆகியவற்றையும் கணக்கில் கொள்கிறது.