கிங்ஸ்டன் நகரின் 129 குழந்தைகள்

ஒரு குழந்தை தன் வயதுக்குரிய உயரத்தை எட்டாவிட்டால், "அப்பாவைப் போலக் குட்டை" என்று சொல்லிவிட்டு நாம் அதை மறந்துவிடுகிறோம். உயரத்தில் பரம்பரைக்குப் பங்குண்டு என்பது உண்மையே. ஆனால் ஒரே பகுதியில் ஏழைக் குழந்தைகள் பலர் இவ்வாறு இருந்தால், பழியைப் பரம்பரையின் மீது போடுவது எப்படிப் பொருந்தும்? குறைந்த உணவும், அடிக்கடி வரும் நோயும் கூடி எலும்பின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. இதுவே வளர்ச்சிக் குன்றல். இதற்கு எதிராக ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்ய இயலும்? விடை காண ஜமைக்காத் தீவுக்குச் செல்வோம்.

மேற்கிந்தியத் தீவுகளின் பல்கலைக்கழகக் கல்லூரி 1948-இல் அங்குத் தொடங்கப்பட்டது. ஜான் வாட்டர்லோ என்ற அறிஞர் 1950-களில் அதில் ஓர் ஆய்வுப் பிரிவை நிறுவி, ஊட்டக்குறைவால் வாடிய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தார். உயரத்திற்கேற்ற எடை இல்லாமை வேறு, வயதுக்கேற்ற உயரம் இல்லாமை வேறு என்று அவர் 1972-இல் எழுதினார். முன்னது அண்மையில் நேர்ந்த பட்டினியைக் காட்டும். பின்னது நெடுநாள் குறைவைக் காட்டும். இழந்த எடை சில வாரங்களில் திரும்பக்கூடும். இழந்த உயரம் அவ்வளவு எளிதில் திரும்பாது.

ஆகவே அளவு துல்லியமாக இருக்க வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்தே அளப்பர். நிற்கும்போது புவியீர்ப்பினால் முதுகெலும்பு சற்று அழுந்துவதால், அளவு சுமார் 0.7 செ.மீ. குறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 2 வயது ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 87 செ.மீ.; 81 செ.மீ.க்குக் கீழே இருந்தால் குன்றல். இந்த எல்லைக்கோட்டின் அருகே அரை செ.மீ. பிழைகூட முடிவை மாற்றிவிடும் அல்லவா?

இனி ஆய்வுக்கு வருவோம். 1980-களின் பிற்பகுதியில் சாலி கிரந்தம்-மெக்ரிகோரும் அவருடைய குழுவினரும், கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தனர். அவர்கள் 9 முதல் 24 மாத வயதினர். குழந்தைகள் நான்கு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வாரம் 1 கிலோ பால் உணவு தரப்பட்டது. மற்றொரு பிரிவினரின் வீட்டுக்குச் சமுதாய நல உதவியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் சென்று, குழந்தையோடு பேசி விளையாடும் முறையைத் தாய்க்குக் கற்பித்தார். விளையாட்டுப் பொருள்கள் வெற்றுப் புட்டிகளாலும் அட்டைப் பெட்டிகளாலும் செய்யப்பட்டவை. மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவதற்கு இரண்டும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் நடந்த இச்சோதனையின் முடிவு 1991-இல் வெளிவந்தது. உணவும் விளையாட்டும் தனித்தனியே அறிவு வளர்ச்சியை உயர்த்தின. இரண்டும் பெற்றவர்களே அதிகம் முன்னேறினர். உணவு உயரத்தையும் சற்றுக் கூட்டியது. ஆயினும் முழுக் குறையையும் போக்கவில்லை.

பல்கலைக்கழகம் அத்துடன் நிற்கவில்லை. அக்குழந்தைகளை அவர்கள் இளைஞராகும்வரை தொடர்ந்து கவனித்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின், விளையாட்டுப் பயிற்சி பெற்றோரின் வருவாய் பெறாதோரைவிட 25 விழுக்காடு அதிகம் என 2014-இல் தெரியவந்தது. உணவு மட்டும் பெற்றோரிடம் இத்தகைய நீடித்த நன்மை காணப்படவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? குன்றிய உயரத்தைப் பின்னர் மீட்பது கடினம். ஆதலால் தாய் கருவுற்ற நாள் முதல் குழந்தையின் 2 வயதுவரை நல்ல உணவும் தூய நீரும் கிடைக்கச் செய்வதே தடுப்பு. எனினும் குன்றிவிட்ட குழந்தையையும் கைவிட வேண்டியதில்லை. மருத்துவர் அல்லாத உள்ளூர்ப் பெண்களே இப்பணியைத் திறம்படச் செய்தார்கள். சரியாக அளப்பது, பயிற்சி அளிப்பது, பல ஆண்டுகள் பொறுத்திருந்து விளைவைக் கணக்கிடுவது ஆகிய மூன்றும் பல்கலைக்கழகத்தின் பங்கு. இவற்றுக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கு அருகிலும் ஒரு கல்லூரி இருக்கக்கூடும். அதன் வாயிலிலிருந்து அங்கன்வாடி எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பாருங்கள்.