கூரைத்தள நீர்க்கசிவு

மொட்டை மாடியிலோ மேல்மாடிக் குளியலறையிலோ இறங்கும் நீர், கான்கிரீட் தளத்தைக் கடந்து கீழறையின் உட்கூரையில் ஓதமாகவும் கறையாகவும் சொட்டாகவும் வெளிப்படுவது கூரைத்தள நீர்க்கசிவு.

கறை தெரியும் இடத்தில்தான் நீர் நுழைகிறது என்று கொள்ள முடியாது. விரிசலில் புகுந்த நீர் மின்கம்பிக் குழாய்க்குள் ஓடி, சில அடி தள்ளி மின்விசிறிக் கொக்கியருகே சொட்டலாம். அப்போது முதல் வேலை அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்துவது. மூலத்தைத் தேட ஈரம் வரும் நேரமே நல்ல துப்பு. மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் மொட்டை மாடியையும், கோடையிலும் காயாவிட்டால் குளியலறைக் குழாய்களையும், மோட்டார் போட்டதும் கூடினால் மேல்நிலைத் தொட்டியையும் பார்க்க வேண்டும்.

கசிவின் உண்மையான கேடு கறையன்று, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் ஏறும் துருவே. புதிய கான்கிரீட்டின் கடுமையான காரத்தன்மை கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காரத்தை ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைக்கும். கடலோர ஊர்களில் உப்பு, காரம் இருக்கும்போதே கம்பியைத் தாக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் அடிப்பக்கக் கான்கிரீட் உப்பிப் பாளமாக விழுகிறது. உட்கூரையில் தெரியும் வெள்ளைப் படிவு, சிமென்ட்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு. கம்பியின் போக்கிலேயே பழுப்புக் கோடு ஓடினால் துரு தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய், வெல்ல நீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது பழைய முறை. ஆள்கூலியும் அவசரமும் அதை ஓரங்கட்டிவிட்டன. டப்பாவில் வரும் நீர்த்தடுப்புப் பூச்சுகள் இன்று அதன் இடத்தில் இருக்கின்றன. ஆனால் வடிகுழாயை நோக்கி வாட்டம் இல்லாத தளத்தில் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்பதில்லை.

பழுதுபார்ப்பு மேலிருந்து தொடங்க வேண்டும். நுழைவழியை அடைக்காமல் கீழே பட்டி பார்த்து வண்ணம் அடிப்பது வீண்செலவு. கசிவு நின்று தளம் உலர்ந்தபின், தட்டினால் பொள்ளென ஒலிக்கும் பகுதியை உடைத்தெடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து நீக்கித் துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த சாந்தால் மூடுவர். கம்பி மெலிந்திருந்தால் கொத்தனாரை மட்டும் நம்பாமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுவது அவசியம்.

கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை எளிதில் விரியும். பறவை எச்சத்தில் வந்த அரசங்கன்று அங்கே முளைத்தால், கிள்ளி எறிவதால் பயனில்லை. வேர் இருக்கும் வரை மறுபடி துளிர்த்து விரிசலைப் பெரிதாக்கும்.